கண்ணாடிக் கறையியல்: வானகரம் எல்லைக்கு உட்பட்டது

காரின் முன்கண்ணாடியில் மோதி மடியும் பூச்சிகளைப் பற்றித் தமிழில் தனி நூல் நான் கண்டதில்லை. ஆனால் அடித்தளம் உண்டு. தொல்காப்பிய மரபியல் தும்பிக்கு நான்கறிவு என்று வகுக்கிறது: மெய், நாக்கு, மூக்கு, கண். ஐந்தாவதான செவி இல்லை. எனவே தும்பிக்கு ஹாரன் அடித்துப் பயனில்லை என்பது பெறப்படும். (அந்தத் தும்பி வண்டா தட்டானா என்ற வழக்கைத் தமிழாசிரியர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.)

மேலைநாட்டார் நமக்குப் பிந்தியவர்களே. கறையைப் பார்த்துப் பூச்சியைச் சொல்லும் கையேடு எழுதிய புளோரிடா பல்கலைக்கழகத்து மார்க் ஹாஸ்டெட்லருக்கு 1997இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் கள ஆய்வு ஓர் ஐப்பசி மாலையில், மழை விட்ட நேரத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கு இப்பால் நடந்தது. விளக்கைத் தேடி வந்த ஈசல்கள் கண்ணாடியில் பொரிந்தன. பூச்சி ரத்தத்தில் பொதுவாக ஹீமோகுளோபின் இராது. ஆகவே கறை வெளிர்மஞ்சள். நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அநேகமாகக் கொசு. ரத்தம் யாரோ ஒருவருடையது. ஆய்வாளர் பதற்றத்தில் வைப்பரைப் போட்டார். ஈசல் கொழுப்பு கண்ணாடி முழுக்க மோர் தெளித்தாற்போல் பரவியது. அதன்பின் எதிர்வண்டி ஒவ்வொன்றுக்கும் நாலு விளக்கு.

டீக்கடையோரம் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் ஒரே வரியில் முறையியலை வகுத்துத் தந்தார்: "தேய்க்காதீங்க சார், ஊற வைங்க." பழைய பேப்பரை நனைத்து ஒட்டி, ஒரு டீ குடித்து முடித்து உரித்தால் கறையும் கூடவே வரும். வெயிலில் காய விட்டால் வராது. ஷாம்பு பாக்கெட் பற்றி மாற்றுக்கருத்து உண்டு; வைப்பர் பற்றி இல்லை.

இனி சென்னைப் புறநகர் வானகரம்; ஒப்பீட்டுக்கு முதலில் டென்மார்க். அங்கே ஆண்டர்ஸ் பாப்பே மொல்லர் 1997 முதல் 2017 வரை ஒரே சாலைகளில் கார் ஓட்டிக் கறைகளை எண்ணினார். ஒரு பாதையில் 80 சதவீதம், இன்னொன்றில் 97 சதவீதம் குறைந்துபோயிருந்தன. பூச்சிகளே அருகிவிட்டன என்பது அவர் முடிவு. வானகரத்தில் என் கண்ணாடியில் எண்ணிப் பார்த்தேன்: சுழி. ஆனால் மீன் சந்தைப் பக்கம் ஈக்களுக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் காரணம் என்னை? வேகம் என்க. வண்டி ஊர்ந்தால் பூச்சி மோதுவதில்லை, அமர்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மாலை ஆறரைக்குச் சாவது அதற்குக் கடினம். ஆகவே இங்கே கறை படிந்த வண்டி பெங்களூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்தது. துப்புரவான வண்டி உள்ளூர்.

சென்ற வாரம் மதுரவாயலில் ஒரு தட்டான் என் வைப்பர் மேல் வந்து உட்கார்ந்தது. பைபாஸ் ஏறி வானகரம் டோல் வரை நாங்கள் சேர்ந்தே வந்தோம். அங்கே அதற்குப் பொறுமை போய்விட்டது. தடைக்கோல் தூக்குமுன் எழுந்து, ஃபாஸ்டேக் இல்லாமலே பறந்து போனது. எனக்கு முன்னால் இன்னும் பதினோரு வண்டிகள்.