ஏற்கெனவே வந்துபோனவர்

தரங்கம்பாடிக்கு முதல்முறை வருகிறவர் கடலைப் பார்ப்பார். ஏற்கெனவே ஒருதரம் வந்துபோனவரோ கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூட வந்தவர்களுக்குக் கடலைக் காட்டுவார்.

வேன் ஊர் எல்லையைத் தொட்டதுமே ஆரம்பித்துவிடுவார். "மச்சான், அதோ பார் கோட்டை! இங்கிலீஷ்காரன் கட்டினது." கட்டியவர்கள் டென்மார்க்காரர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-இல் வந்தவர்கள், 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. போனால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, "உள்ளே ஒண்ணுமில்லை, நான் பார்த்துட்டேன்" என்று வாசலிலேயே மறித்துவிடுவார்.

"மேலே என்ன இருக்கு? விசேஷமே அடியிலதான். தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் சுரங்கம்! ராஜா குதிரையிலேயே வருவார்." சுரங்கம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் எந்தக் கோட்டைக்கும் மரியாதை கிடையாது.

அடுத்து மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது; பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. நம்மவருக்கு அது போதாது. "கடலுக்குள்ளே இன்னும் ஆறு கோயில் முழுசா இருக்கு" என்பார். அது மாமல்லபுரத்துக் கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கேயோ வேனில் தொற்றிக்கொண்டிருக்கும்.

உச்சகட்டம் ஓசோன். "உலகத்திலேயே ஓசோன் காத்து இங்கேதான். எல்லாரும் நல்லா இழுங்க!" குடும்பமே கண்ணை மூடி இழுக்கிறது. ஓசோனை அப்படி நெஞ்சு நிறைய இழுத்தால் நுரையீரலுக்குத்தான் கேடு. நல்லவேளை, அங்கே வருவது வேறு.

"தாத்தா, ஓசோன் எந்தப் பக்கமிருந்து வருது?" என்று, படகு நிழலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டது வாண்டு.

"ஓசோனா? அங்க நெத்திலி காயுது கண்ணு" என்றார் அவர், தலை நிமிராமல்.

இத்தனைக்கும் வாயே திறக்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் மச்சான்தான். அடுத்த மாதம் அவரே தம் ஆபீஸ்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தார், கோட்டையைக் காட்டினார். அதற்குள் சுரங்கம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.