ரத்தத்தில் மருந்து கூடினால் ஆயுள் கூடுமா?

கேள்வி: ரத்தத்தில் மருந்தின் அளவு அதிகமுள்ள புற்றுநோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்களாமே? டோஸைக் கூட்டிவிட வேண்டியதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அதிக மாதம் பென்ஷன் வாங்கியவர்கள் அதிக நாள் வாழ்ந்திருப்பார்கள். பென்ஷன்தான் ஆயுளைக் கூட்டியது என்போமா? மொத்த டோஸையும் ஆயுளையும் அப்படியே ஒப்பிட்டால் இதே வில்லங்கம்தான்.

அதனால் முதல் சுற்று மருந்துக்குப் பிறகு ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். அதிலும் பொறி உண்டு. இரைப்பைப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வெளியான டோகா ஆய்வில் அது ஆயுளை நீட்டியது. பிறகு கணக்குப் போட்டபோது, ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருந்த கால்பங்கினர் சீக்கிரம் இறந்தது தெரிந்தது. எனவே ஹெலாய்ஸ் ஆய்வில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 6 மி.கி.க்குப் பதில் 10 மி.கி. கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து ஏறியது. ஆயுள் ஏறவில்லை!

நோய் முற்றி நலிந்த உடல் இவ்வகை ஆன்டிபாடி மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். அங்கே குறைந்த மருந்தளவு, நோயின் கடுமைக்கு அடையாளம். இரண்டு டோஸையும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்க்கும் சோதனைதான் இதில் தீர்ப்புச் சொல்லும்.