பை சார்

தஞ்சாவூர் உழவர் சந்தையில் அவருக்குப் ‘பை சார்’ என்று பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை. தோளில் பச்சைத் துண்டு. கையில் பெரிய மஞ்சப்பை, அதற்குள் ஏழெட்டுச் சின்னப் பைகள், எவர்சில்வர் தூக்கு ஒன்று, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு, மந்தார இலை ஒரு கட்டு. மற்றவர்களுக்குச் சந்தையிலிருந்து திரும்பும்போதுதான் கை கனக்கும். இவருக்குப் போகும்போதே கனக்கும். பச்சைத் துண்டைப் பார்த்து விவசாய சங்கத் தலைவர் என்று நினைத்துக்கொண்டு, “ஐயா, மேட்டூர்ல எப்பத் தண்ணி தொறக்குறாங்களாம்?” என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பவர்கள் உண்டு. “ஜூன் 12” என்பார், அது எந்த மாதமாக இருந்தாலும்.

டெல்டாவில் ஊருக்கு ஒரு பை சாராவது இருக்கிறார். கும்பகோணத்தில் அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மன்னார்குடியில் தலைமையாசிரியர். மயிலாடுதுறைக்காரர் துபாயிலிருந்து திரும்பி வந்தவர், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே இயற்கையானவர். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூருக்குத்தான் வர வேண்டும். ஏனென்றால் எங்கள் பை சார் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர்.

1960-61இல் ‘பாக்கேஜ் திட்டம்’ என்று நாட்டில் முதலில் பிடித்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தது. பின்னாலேயே ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 நெல் வந்தது. பை சார் உத்தியோகத்தில் சேர்ந்தது ஏடிடி 36 காலத்தில். வரப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, எருவும் தழையும் போதும் என்று நின்ற கிழவர்களிடம், “இன்னும் எந்தக் காலத்துலய்யா இருக்கீங்க? யூரியாவைப் போடுங்க” என்று தொண்டை வறளக் கத்தியவர். அந்தக் கிழவர்களின் பிள்ளைகள் இன்று உழவர் சந்தையில் கடை போட்டிருக்கிறார்கள். பை சார் ஒரு புடலங்காயை எடுத்து முகர்ந்துவிட்டு, “யூரியா போட்டியா?” என்று கேட்கிறார்.

“நீங்கதானே சார் போடச் சொன்னீங்க.”

“அது அப்ப.”

இயற்கை வேளாண்மை என்றால் அவருக்கு நம்மாழ்வார்தான். இதே மாவட்டத்தில் இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969இல் உதறிவிட்டு, மிச்ச ஆயுளை மண்ணுக்குக் கொடுத்தவர். பை சாருக்கும் அதே வேகம் வந்ததுதான். ஆனால் பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த மறுநாள்தான் வந்தது.

இவருடைய தினசரிச் சங்கடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் இரண்டு தர்மங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் குளிர்பதனம் செய்த ஆர்கானிக் கடை. அங்கே கொத்தவரங்காய்க்குச் சான்றிதழ் உண்டு, முத்திரை உண்டு, எந்தப் பண்ணை என்ற விலாசமும் உண்டு. ஆனால் காய் படுத்திருப்பது தெர்மோகோல் தட்டில், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. இன்னொரு பக்கம் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கீரைக்காரம்மா. முளைக்கீரைக் கட்டை வாழைநாரால் கட்டியிருக்கிறார். பூ கேட்டால் இலையில் மடித்துத் தருகிறார். பிளாஸ்டிக் பொட்டுக்கூட இல்லை. ஆனால் அந்தக் கீரைக்கு என்ன அடித்தார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆர்கானிக் வாங்கினால் பிளாஸ்டிக் வருகிறது. பிளாஸ்டிக்கை விட்டால் ஆர்கானிக் போய்விடுகிறது. பை சார் இதை ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆர்கானிக் கடையில் வாங்குவார், கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று உறையைக் கிழிப்பார், காயைத் துணிப்பையில் கொட்டிக்கொள்வார், தட்டையும் உறையையும் கடைக்காரப் பையனிடமே கொடுத்துவிடுவார். ஆகவே பிளாஸ்டிக்கை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பில் போடும் பையன் அதைக் குப்பைக்கூடையில் போடுவதைப் பார்க்காமல் இருக்க அவர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம்.

கத்தரிக்காயில் மட்டும் அவர் சான்றிதழ் கேட்பதில்லை. புழுவே சான்றிதழ். முதலில் சந்தைக் கடைக்காரம்மாவுக்கு இது புரியவில்லை. நல்ல காயாகப் பொறுக்கிக் கொடுத்தால் கோபித்துக்கொள்கிறாரே என்று விழித்தார். பிறகு பிடித்துக்கொண்டார். இப்போது சொத்தைக் காய்களைத் தனியாக ஒரு கூடையில் ஒதுக்கி வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, “சாருக்குன்னே வச்சிருக்கேன்” என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட வைத்துக் கொடுக்கிறார். முன்பெல்லாம் அதை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டெல்டாவில் இயற்கை விளைபொருளுக்கு மதிப்புக்கூட்டிய முதல் ஆள் என்று அந்தம்மாவுக்கு யாராவது விருது கொடுக்கலாம்.

பைகளின் கதை தனி. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்த 14-ஐயும் பை சார் ஆத்திசூடி மாதிரி ஒப்பிப்பார். பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்குக் கொடுத்ததை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. பால் கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். 2021 டிசம்பர் 23இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியபோது, தான் எப்போதோ தொடங்கிவிட்டதை அரசாங்கம் தாமதமாகப் பின்பற்றுவதாகவே எடுத்துக்கொண்டார். பத்து ரூபாய் போட்டால் பை தரும் எந்திரத்தை அவர் மதிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் இலவசமாகவே கிடைக்கிறது. அழைப்பிதழ் வந்தவுடன் முகூர்த்த நேரத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு, இவரோ அந்த வீட்டார் முந்தைய கல்யாணத்தில் என்ன தாம்பூலப்பை கொடுத்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பார். வாங்கிய பையின் ஓரத்தில் தீக்குச்சி வைத்துச் சோதனை. கருகினால் துணி. உருகிச் சுருண்டால் துணி வேஷத்தில் வந்த பாலிப்ரொப்பிலீன். மண்டப வாசலிலேயே இந்தச் சோதனை நடக்கும், பெண் வீட்டார் கண்ணெதிரில். தேறிய பைகள் இன்று பீரோவின் இரண்டு தட்டை நிரப்பியிருக்கின்றன. வீட்டம்மாவின் பட்டுப்புடவைகள் பரணுக்குப் போய்விட்டன, அவை ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

இனி சமையல். பொரியல் என்பது பத்து நிமிடச் சமாசாரம் என்று நம் வீடுகளில் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறோம். பை சார் பொரியல் செய்தால் அது காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் பஞ்சாயத்தில் முடியும். குக்கர் கூடாது, நான்ஸ்டிக் கூடாது, மிக்ஸி கூடாது. இலுப்பச்சட்டிதான். எண்ணெய் மரச்செக்கில் ஆட்டியது, அதுவும் வாகை மரச்செக்கு. அந்தச் செக்கை இப்போது மாடு சுற்றவில்லை, மோட்டார் சுற்றுகிறது என்ற துக்கம் அவருக்கு உண்டு. காய் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. தோல் துவையலுக்கு. விதை வெயிலுக்கு. சட்டி, அரிவாள்மனை, அம்மி, ஆறு கிண்ணம் ஆகியவை வீட்டம்மாவுக்கு.

வாழைப்பூ நாளென்றால் இன்னும் விசேஷம். மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்து, நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டால் கறுக்காது. மடல் உரிப்பது அவர், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அவர். கள்ளன் பிடிக்கும் வேலை மட்டும் அந்தம்மாவுக்கு. விரலெல்லாம் கறை ஏற முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எடுத்து, மோரில் போட்டு வெள்ளை வெளேரென்று கொடுத்தால், இவர் அதைக் கொண்டுபோய் இலுப்பச்சட்டியில் கொட்டுவார். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பி.எஸ்ஸி. விவசாயம் படித்தவருக்குத் தெரியாமல் இருக்காது. போன பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை இலையில் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்தார்.

“கருகிடுச்சா அத்தை?”

“இல்ல மாப்ள,” என்றார் பை சார், “அது இரும்புச் சத்து.”

சட்டி தேய்க்கப் பிளாஸ்டிக் நார் கூடாது. தேங்காய் நாரும் சாம்பலும். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.

ஒருமுறை திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவுக்குப் போய் மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு கிலோ வாங்கி வந்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 174 பாரம்பரிய ரகங்களை அப்படித் தேடிச் சேர்த்துப் பரப்பிவிட்டு 2018 டிசம்பரில் ஜெயராமன் போய்விட்டார். நம்மவருக்கு விதைக்க இடம் இல்லை. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் நஞ்சை புறவழிச்சாலை ஓரத்தில் பிளாட்டாகிவிட்டது, அதில் ஒன்றில்தான் வீடு. மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பி விதைத்தார். அந்தப் பைகளும் பிளாஸ்டிக்தான். “புற ஊதா தாங்கும் ரகம்” என்பார் கேட்டால். அறுவடை அணில்களுக்குப் போனது.

சிரிக்கிறேனே தவிர எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் தெரு வாய்க்கால் அடைத்துக்கொள்ளும்போது மண்வெட்டியால் இழுத்துப் போடுவதெல்லாம் கேரி பேக்கும் டீ கப்பும்தான். அதில் ஒன்றுகூட அவர் போட்டதில்லை. கீரைக்காரம்மா இப்போது எல்லோரையும், “பை கொண்டாந்தியளா?” என்று கேட்கிறார். நானும் ஒரு பை வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருக்கிறேன், கடைக்குள் போன பிறகு நினைவு வருகிறது. அரைநாள் பொரியலை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஆயுளை நீட்டிக்கும் சமையல், நீட்டித்த ஆயுளைத் தானே தின்றுவிடக் கூடாது.

சென்ற தை முகூர்த்தத்தில் திருவையாற்றில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் பின்னாலேயே வாழைத்தோப்பு, ஜன்னலுக்குள் இலை நீட்டிக்கொண்டிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால் மேசையில் காகித வாழை இலை, நரம்பு நடுத்தண்டு எல்லாம் அச்சடித்தது. பை சார் கையை இலையில் வைத்தார், உடனே எடுத்தார். ஓரத்தை நகத்தால் கீறி, மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை உரித்து உயர்த்திக் காட்டினார்.

“பார்த்தியளா? தடை செஞ்ச 14-ல வருது இது. நம்ம ஊருல! ஜன்னலுக்கு வெளிய என்னய்யா தொங்குது?”

பந்தி முழுவதும் ஜன்னலைப் பார்த்தது. சாம்பார் வாளிக்காரர் நின்றார். மேற்பார்வையாளர் ஓடிவந்து, தோப்புப் பக்கம் ஆள் அனுப்பி, ஒரே ஒரு நிஜ இலையை அறுத்துக் கழுவிக் கொண்டுவந்து போட்டார். பை சார் தூக்கிலிருந்த சொந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். பக்கத்து இலைக்காரர்கள் காகிதத்திலேயே ரசத்துக்குப் போய்விட்டார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடித்து இருவர் நின்றிருந்தார்கள்.

“பீன்ஸ் பொரியல் வைக்கவா சார்?”

“என்ன எண்ணெய்ல தாளிச்சது?”

பரிமாறுகிறவர் பதில் தேடுவதற்குள் பின்னால் நின்றவர் குனிந்தார்.

“எந்த எண்ணெயா இருந்தாலும் சாப்பிடுங்க சார், ஒன்றே முக்காலுக்குத் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸு.”