பிக்கப் டிரக் தேர்வில் ‘நாலு பேர்’: ஓர் இரவலியல் நோக்கு

ஆய்வுச் சிக்கலும் கருதுகோளும்

எதைச் செய்தாலும் நாலு பேரைக் கேட்டுச் செய் என்பது நம்மவர் வழக்கு. பெண் பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரை, மனை வாங்குவதிலிருந்து மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை வரை எல்லாம் அந்த நாலு பேரின் மேற்பார்வையில்தான் நடக்கின்றன. அந்த நாலு பேர் யார், கேட்காதபோதும் வந்து சொல்லுமளவுக்கு அவர்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்ற கேள்வி மட்டும் அறிவுலகில் அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தத்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம், டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸின் வடக்குப் புறநகர். ஆய்வுக்கு உட்பட்டவர் என் நண்பர்; தேனிக்காரர், கணிப்பொறித் தொழில், மனைவி, ஒரு பெண், பருவத்துக்கு வந்து போகும் மாமியார். நடுத்தர அளவில் ஒரு பிக்கப் டிரக் வாங்குவது என்று முடிவுகட்டிவிட்டார். எதை என்பதில்தான் குழப்பம். நாலு பேரைக் கேட்டார். நாலாவது ஆள் நான்.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: ஆலோசகர் தமக்கு எந்த வண்டி இரவலாகத் தேவைப்படுகிறதோ அந்த வண்டியையே நண்பருக்குப் பரிந்துரைக்கிறார். இதை ‘இரவலியலின் முதல் விதி’ என்று குறிப்பிடலாம். இரண்டாம் விதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆய்வு எல்லை

ஃபோர்டு எஃப்-150, சில்வராடோ, ராம் முதலிய முழு அளவு டிரக்குகள் இவ்வாய்வில் சேரா. நண்பரின் கராஜிலும் சேரா. மேவரிக், சான்டா குரூஸ் ஆகிய சிறுசுகளில் நண்பரின் மனம் சேரவில்லை. எஞ்சியவை டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், ஷெவர்லே கொலராடோ, நிசான் ஃபிராண்டியர், ஜீப் கிளாடியேட்டர், ஹோண்டா ரிட்ஜ்லைன் என ஆறு. ஜிஎம்சி கேன்யன் கொலராடோவின் உடன்பிறப்பு என்பதால் ஒரே குடும்ப அட்டையில் வைக்கப்பட்டது.

நண்பரின் தந்தையாருடைய கருத்து தொலைபேசி வழியே பதிவு செய்யப்பட்டது. அதை அப்படியே தருகிறேன்.

“லோடு வண்டியா? ஏம்ப்பா, வேலை போயிருச்சா?”

“இல்லப்பா. இங்க எல்லாரும் வச்சிருக்காங்க.”

“எல்லாரும் லோடு அடிக்கிறாங்களா?”

“இல்லப்பா, சும்மாதான்.”

“சும்மாவா? அதுக்குக் குட்டி யானை வாங்குனா வாடகைக்காவது விடலாமேப்பா.”

இந்த உரையாடலின் ஆய்வு மதிப்பு பெரிது. டாடா ஏஸ் வண்டியைத் தமிழ்நாடு குட்டி யானை என்று செல்லமாகக் கூப்பிட்டாலும், அதை வாங்குகிறவர் வாழைத்தாரையோ செங்கல்லையோ ஏற்றிக் கடனை அடைக்கவே வாங்குகிறார். டெக்சாஸில் காலியாக ஓடும் டிரக்குக்குத்தான் கௌரவம் அதிகம். வாடகை என்ற சொல்லை இந்த ஆய்வுக் காலத்தில் உச்சரித்த ஒரே மனிதர் பெரியவர்தான். மற்ற எல்லாருடைய மனத்திலும் இருந்தது இரவல்.

வரலாற்றுப் பின்னணி: கோழி

உலகத்தில் எத்தனையோ பிக்கப் வண்டிகள் இருக்க, அமெரிக்காவில் இந்த ஆறை மட்டும் வைத்து ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? காரணம் கோழி.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி அடிமாட்டு விலைக்கு ஐரோப்பாவில் போய்க் குவிந்தது. அங்கிருந்த கோழிக்காரர்கள் கூப்பாடு போட்டார்கள். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் உள்ளிட்ட நாடுகள் வரியைத் தூக்கிப் போட்டன. பேச்சுவார்த்தை பலிக்காமல், 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார். அவர் டெக்சாஸ்காரர் என்பதைக் கவனிக்கவும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கின் இறக்குமதிக்கு 25 விழுக்காடு வரி. ஸ்டார்ச்சும் டெக்ஸ்ட்ரினும் பிராந்தியும் பிற்பாடு விடுதலையாகிவிட்டன. கோழிச் சண்டையில் உள்ளே போன டிரக் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

வரி என்று ஒன்று இருந்தால் வழி என்று ஒன்று இருக்கும். சுபாரு நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் பிராட் என்ற குட்டி பிக்கப்பை ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. சாமான் ஏற்றும் தொட்டியில், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகள். இருக்கை இருப்பதால் இது பயணிகள் ஊர்தி ஐயா, டிரக் இல்லை என்றார்கள். சுங்கமும் ஒப்புக்கொண்டது. இன்னும் சில காலம் கழித்து ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் வேனைத் துருக்கியிலிருந்து பின்னிருக்கையோடு கப்பலேற்றி, கரை இறங்கியதும் இருக்கையைக் கழற்றிச் சரக்கு வேனாக்கிக் கொண்டிருந்தது. அந்த வழக்கு 2024இல் 365 மில்லியன் டாலருக்குத் தீர்ந்தது.

உலகமெல்லாம் ஓடும் ஹைலக்ஸ் அமெரிக்கக் கடைகளில் இல்லை. 1995இல் அந்த இடத்துக்கு டகோமா வந்தது. விலை கட்டுப்படியாக வேண்டுமானால் வண்டி இந்தக் கண்டத்திலேயே பிறந்தாக வேண்டும். ஆகவே ரேஞ்சர் மிச்சிகனிலும் கொலராடோ மிசூரியிலும் ஃபிராண்டியர் மிசிசிப்பியிலும் கிளாடியேட்டர் ஒஹையோவிலும் ரிட்ஜ்லைன் அலபாமாவிலும் டகோமா மெக்சிகோவிலும் பிறக்கின்றன. நாலு பேர் கூடிச் சண்டை போட ஆறு வண்டிதான் மிச்சம் இருப்பதற்கு, அறுபதாண்டுக்கு முன் குழம்பான கோழிகளே பொறுப்பு.

தரவுகள்: முதல் மூவர்

முதலாமவர் பிளானோவில் டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் கண்ணில் படும் தூரத்தில் குடியிருக்கிறார். அந்தக் காற்றே அவரைப் பேச வைக்கிறது. “டகோமாங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க. ரீசேல் வேல்யூ!” பழைய டகோமாவை அதே விலைக்கு விற்கலாம் என்கிற அளவுக்குப் போனார். காட்டுப் பாதைக்கென்றே தயாரான டிஆர்டி ஆஃப்-ரோடு வகைதான் வேண்டும் என்று ஏன் வற்புறுத்தினார் என்பது பிறகு வெளியாயிற்று. பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி ஒரு மண் பாதை உண்டு. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைத்தான் அங்கே ஓட்ட முடியும். முதலாமவரிடம் இருப்பது ஒரு மினி வேன்.

இரண்டாமவர் கொலராடோ கட்சி. காரணம், இழுவை. சரியான கருவிகளோடு வாங்கினால் அது 7,700 பவுண்டு இழுக்கும்; கிட்டத்தட்ட மூன்றரை டன். தேனியில் குட்டி யானை என்றால் இங்கே முழு யானையையே கட்டி இழுக்கலாம். இந்த எண்கள் வாய்க்கு வந்தபடி சொல்லப்படுபவை அல்ல. ஜே2807 என்று ஒரு தர விதி இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம், நெடுஞ்சாலை 68இல் சுமார் 18 கிலோமீட்டர் நீளும் ஏற்றத்தில், முழுச் சுமையை இழுத்துக்கொண்டு, ஏசியை உச்சத்தில் வைத்தபடி, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். இரண்டாமவரின் படகு லூயிஸ்வில் ஏரிக்கரையில் ஒரு ஷெட்டில், மாத வாடகையில் தூங்குகிறது. அவர் வீட்டுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு மேடுகூட இல்லை.

இந்த இடத்தில் ஆய்வாளர் தம் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றை முன்வைக்க வேண்டியுள்ளது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மோதும் தூணில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஒரு வெள்ளை மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி. விளம்பரத்தில் எட்டடி உயர எழுத்தில் இழுவை எண் வரும். இந்த எண்ணைப் படிக்கக் குனிய வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் அது 1,200. ஐந்து பேர் ஏறினால், ஆளுக்கு 150 வைத்தாலும், 750 போயிற்று. மிச்சம் 450. ட்ரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இணைப்புக் கொக்கியில் இறங்கும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். 5,000 பவுண்டுப் படகு என்றால் குறைந்தது 500. ஆக, மாமியாரும் படகும் ஒருசேர வர இயலாது. இதை நான் நிரூபித்துக் காட்டியபோது நண்பர் அந்தச் சீட்டைக் கைப்பேசியில் இரண்டு முறை படம் எடுத்துக்கொண்டார். எதற்கென்று கேட்கவில்லை.

மூன்றாமவரின் வாக்கு ஃபிராண்டியருக்கு. டர்போ இல்லாத 3.8 லிட்டர் வி6, 310 குதிரைத் திறன், சிக்கலில்லாத என்ஜின் என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. ஆனால் ஐந்தடித் தொட்டி வேண்டாம், ஆறடி உள்ளதாகப் பாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். அடுத்த மாதம் அவர் அடுக்குமாடியிலிருந்து சொந்த வீட்டுக்குக் குடிபோகிறார். அவருடைய சோஃபாவை நான் பார்த்திருக்கிறேன்.

கிளாடியேட்டரை நாலு பேரில் யாரும் சொல்லவில்லை. நண்பரின் மகள் சொன்னாள். அதன் கதவுகளையும் கூரையையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம். டாலஸ் ஆகஸ்டில் அப்படி ஓட்டினால் வறுகடலை ஆகிவிடுவோம் என்று தாய் சொன்னதோடு அந்த வண்டி ஆய்விலிருந்து நீங்கியது. ரேஞ்சரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1983 மாடலாக அறிமுகமாகி, 2011இல் அமெரிக்கத் தயாரிப்பு நின்று, 2019இல் திரும்பி வந்தது. நல்ல வண்டி. அதை இரவல் கேட்கும் தேவை யாருக்கும் இல்லாததால் அதற்கு ஆதரவாளரும் இல்லை. முதல் விதிக்கு இதைவிடத் தெளிவான எதிர்மறைச் சான்று கிடைக்காது.

நாலாமவரும் நலமுரண் அறிக்கையும்

நான் ரிட்ஜ்லைனைப் பரிந்துரைத்தேன்.

டிரக் உலகில் இதைச் சொல்வது மத விவகாரம். மற்ற ஐந்தும் ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்துக் கட்டியவை. ரிட்ஜ்லைனுக்குத் தனிச் சட்டம் கிடையாது. கார்போல உடலும் சட்டமும் ஒன்றே. சட்டமும் உடலும் வேறு வேறு என்னும் துவைதிகள், ரிட்ஜ்லைனை டிரக் என்று ஒத்துக்கொள்வதே இல்லை. அத்வைதியான ரிட்ஜ்லைனோ, பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடுவதால், பள்ளத்தில் இறங்கினால் இடுப்பைக் காப்பாற்றுகிறது. 5,000 பவுண்டுதான் இழுக்கும். ஆனால் தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஐஸ் கொட்டிக் குளிர்பானம் வைக்கலாம், உருகிய தண்ணீர் வெளியேற அடியில் ஒரு அடைப்பான்கூட உண்டு.

இவற்றையெல்லாம் நண்பரிடம் விரிவாக எடுத்துரைத்தேன். முதல் விதி எனக்கும் பொருந்துமா என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும் என்பதால் பின்வரும் அறிக்கை இணைக்கப்படுகிறது. அமெரிக்க பிளைவுட் பலகை நாலடிக்கு எட்டடி. பெரும்பாலான நடுத்தர டிரக்குகளில் சக்கரக் கூண்டுகள் தொட்டிக்குள் இருபுறமும் புடைத்துக்கொண்டிருக்கும். நாலடிப் பலகை தரையில் படியாமல் அவற்றின் மேல் ஏறி உட்காரும். ரிட்ஜ்லைனில் அந்தப் புடைப்புகளுக்கு இடையே 50 அங்குலம்; பலகை பாய் விரித்தாற்போலப் படுத்துவிடும். விற்பனைக் கூடத்தில் தொட்டிக்குள் மண்டியிட்டு நான் டேப் பிடித்து அளந்ததை விற்பனையாளர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நவராத்திரி நெருங்குகிறது. ஒன்பது படி இல்லாமல் இந்த வருஷம் கொலு இல்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

முடிவுகள்

நண்பர் டகோமா வாங்கினார். முதலாமவர் இனிப்பு வழங்கினார். பிறகுதான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆறு கியர், மூன்று பெடல். ரேஞ்சர், கொலராடோ, ஃபிராண்டியர், ரிட்ஜ்லைன் நான்கிலும் கியர் வண்டி என்பதே கிடையாது. டகோமாவில் இன்றும் கேட்டு வாங்கலாம். நண்பர் கேட்டு வாங்கியிருக்கிறார். ஊரில் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டு, அமெரிக்கா வந்து ஆட்டோமேட்டிக் காரில் மட்டுமே ஸ்டியரிங் பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது நண்பருக்குத் தெரியாமலில்லை. முதல் மூவரும் அந்த வகை. இரண்டாமவர் சாவியை வாங்கிப் பார்த்தார். வண்டி வீட்டு வாசலிலேயே மூன்று முறை குலுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகுக்கு ஏரிக்கரைதான் நல்லது என்றார். மூன்றாமவர் வாடகை டிரக்குக்கு முன்பதிவு செய்துவிட்டார்.

தேனிக்குப் படம் அனுப்பப்பட்டது. “கியர் வண்டியா? அப்ப உருப்படியான வண்டிதான்” என்று பெரியவர் சொன்னதாகக் கேள்வி.

எனக்குக் கிளட்ச் வரும் என்பதை அடக்கத்தோடு நண்பரிடம் தெரிவித்தேன். தாராளமாக எடுத்துட்டுப் போங்க சார் என்றார். ஆனால் டகோமாவின் சக்கரக் கூண்டுகளுக்கு இடையே நாலடி இல்லை. மரக்கடையிலேயே பலகையை வேண்டிய அளவுக்கு அறுத்துத் தருவார்கள் என்ற செய்தி அங்கே வரிசையில் நின்றபோது கிடைத்தது. ஒன்பது படிக்கான துண்டுகளும் என் கேம்ரியின் பின்னிருக்கையை மடித்ததும் உள்ளே போய்விட்டன.

மேலாய்வுக்குரிய களம்

முதலாமவர் மட்டும் மனம் தளரவில்லை. பிக் பெண்ட் பயணத்துக்குள் கிளட்ச் பழகிவிடுவது என்று உறுதி பூண்டிருக்கிறார். பழகுவதற்கு ஒரு கியர் வண்டி வேண்டுமே என்று நண்பரிடமே கேட்டிருக்கிறார். வார இறுதிகளில் மட்டும் போதுமாம்.