சிரிக்கலாமா, கூடாதா?

கேள்வி: பாடசாலையில் குழுப்படம் எடுக்கும் நாளில் பிள்ளைகள் விறைத்து நிற்பதேன்? அவர்களை எப்படித் தயார்படுத்துவது? (வாசகர், மொனராகலை)

பதில்: 1839இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட தாகேர் என்பவரின் புகைப்பட முறையில், வெள்ளிப்பூச்சுத் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் அசையாமலிருப்பது அன்று கட்டாயமாயிற்று, இன்று கண்ணிமைக்கும் நேரமே போதுமென்றாலும் 'ஆடாதே' என்ற அதட்டல் மட்டும் ஓய்வுபெறவில்லை. முதல்நாளே சீருடையைத் தோய்த்து மடித்துவைத்து, வீட்டுக் கைபேசியில் இரண்டு படம் எடுத்துக் காட்டினால் பிள்ளையின் கூச்சம் குறையும். முகத்தைவிட அதிகமாக மின்னும் தேங்காயெண்ணெயையும் அன்று சற்றுக் குறைக்கலாம். 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு எடுக்கும் படமோ வேறு இனம்: கடவுச்சீட்டுப் படங்களுக்குரிய சர்வதேச விதியைப் பின்பற்றும் அதில் பல் தெரியக்கூடாது. ஆகவே, வகுப்புப் படத்திலாவது பிள்ளையைச் சிரிக்க விடுங்கள்.