நம்ம கார்டு ஒண்ணு

கல்யாணப் பந்தியில் நீங்கள் சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பித்த நேரம் பார்த்து எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். "சார், நம்ம கார்டு ஒண்ணு வெச்சுக்குங்க." வலது கை சாம்பாரில் இருக்கிறது, இடது கையால் வாங்கினால் மரியாதை இல்லை. அந்தத் தர்மசங்கடத்தை அவரே தீர்த்துவைப்பார். உங்கள் சட்டைப்பையில் தானே செருகிவிட்டு அடுத்த இலைக்கு நகர்வார்.

கார்டில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். பி.இ., எம்.பி.ஏ., அப்புறம் அடைப்புக்குறிக்குள் பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறார் என்று பொருள். முடிக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் கீழே 'கன்சல்டன்ட்'. எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், வேலை தேடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதில் எனக்கு ஒன்றும் கோபமில்லை.

கோபமெல்லாம் அந்த போன் நம்பர் மேல்தான். கார்டு அடித்தது பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே. 300 ஜிஎஸ்எம் அட்டை, மேட் லாமினேஷன், பெயர் மட்டும் ஸ்பாட் யுவியில் பளபளக்கும். நூறு போதாதா என்றால், ஆஃப்செட்டில் பிளேட் செலவு நூறுக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான் என்று கணக்குச் சொல்வார். ஆகவே ஆயிரம். கட்டு வீட்டுக்கு வந்த கையோடு சிம்மை மாற்றிவிட்டார். ஆயிரத்தையும் குப்பையில் போட மனம் வருமா? ஒவ்வொரு கார்டிலும் பழைய நம்பரை அடித்துவிட்டுப் புதியதைப் பேனாவால் எழுதித்தான் கொடுப்பார். லாமினேஷன் மேல் மை லேசில் காயாது. எழுதுவார், வாயருகே வைத்து ஊதுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி ஊதுவார். லிஃப்ட் வந்து, போய், திரும்பியும் வந்துவிடும், நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். உங்கள் கைக்கு வரும்போது கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று பிரம்மாவுக்கே தெரியாது.

வாக்கிங், பல் டாக்டரின் வரவேற்பறை, இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் வாசல் செக்யூரிட்டி, எவரும் தப்ப முடியாது. துக்க வீட்டில் மட்டும் சிரிக்காமல் கொடுப்பார்.

ஏதோ ட்ரெய்னிங்கில், ஜப்பான்காரர்கள் இரண்டு கையாலும், எழுத்து எதிராளியைப் பார்த்தபடி கார்டு கொடுப்பார்கள் என்று கற்றுவந்திருக்கிறார். அதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். வாங்குகிறவர் நின்று படிக்க வேண்டும், அதன் மேல் கிறுக்கக் கூடாது என்று அந்த ஊரில் மறுபாதி ஒன்று இருக்கிறது. அந்த வகுப்புக்கு லீவு போட்டுவிட்டார் போலும். நான் கொடுத்த கார்டின் மூலையால் அவர் பல் குத்திக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். பர்ச்சேஸில் பழுத்த அனுபவம். வெண்டரிடம் பைசா பைசாவாகக் குறைக்கத் தெரிந்தவர். எனக்குத் தெரிந்த ஒருவரின் பம்பு கம்பெனியில் அப்படி ஓர் ஆளைத் தேடினார்கள். உடனே மேஜை இழுப்பறையைத் திறந்தேன். இவர் கார்டே ஒரு கட்டு கிடந்தது. மூன்று என்று போட்டால் யாரோ ஒரு அம்மாள், "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். எட்டு என்று போட்டால் உபயோகத்தில் இல்லை. வேறு கார்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒன்றில் அது ஐந்து மாதிரி இருந்தது. அதற்குள் அங்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த முகூர்த்தத்தில் அவரைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். முகம் கொஞ்சம் வாடவும் செய்தது.

"பரவால்ல சார், மெனக்கெட்டு தேடியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் கேட்டார்: "சாரை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"