கேட்டால் அவிழும்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி கயிறாகவே வந்திருக்கிறது. யாரோ ஒருவர் போனில் எதையோ பார்த்து நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நாலு பேரும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடவும்.

புதுமாப்பிள்ளை, திருமங்கலம்: ஜப்பான்காரர் ஒருவர் ஒரு பெண்ணைக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார். அந்தப் பெண் கத்தவும் இல்லை, திமிறவும் இல்லை. கண்ணை மூடிச் சுகமாக இருக்கிறார். இது கடத்தலா, கலையா?

இதற்குப் பெயர் கின்பாகு. வெளிநாட்டார் ஷிபாரி என்பார்கள். இரண்டு பெரியவர்கள் பேசி ஒப்புக்கொண்டு, ஒருவர் கட்ட, இன்னொருவர் கட்டுப்படுவது. சிலருக்கு இது காமம், சிலருக்கு மேடைக்கலை, சிலருக்கு உடம்பை ஒன்று இறுகப் பிடித்திருப்பதில் கிடைக்கும் நிம்மதி. நீங்கள் பார்த்தது முப்பது நொடி. ஒழுங்கானவர்களாக இருந்தால் அதற்கு முன் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்: எது செய்யலாம், எது கூடாது, எந்த மூட்டில் பழைய அடி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறதா, மயக்கம் வருமா? அந்தப் பேச்சை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை, லைக் விழாது. ஆனால் அது நடந்திருந்தால்தான் கலை. நடக்காவிட்டால் உங்கள் முதல் சந்தேகம்தான் சரி.

ஓய்வுபெற்ற ஏட்டு, உசிலம்பட்டி: விலங்கு இல்லாத நாட்களில் திருடனைக் கயிற்றில் கட்டித்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனோம். அதில் என்னய்யா கலை?

ஏட்டையா, கலை கிளம்பியதே உங்கள் டிபார்ட்மெண்டிலிருந்துதான். ஜப்பானில் சாமுராய்களும், பிறகு எடோ காலத்துக் (1603–1868) காவலர்களும் கைதியைக் கயிற்றால் கட்டுவதைத் தனி வித்தையாகவே பயின்றார்கள். ஹோஜோஜுட்சு என்று பெயர். பிடித்த இடத்தில் சுற்றும் அவசரக் கயிறு ஒன்று, முறைப்படி கட்டி அழைத்துப்போகும் கயிறு இன்னொன்று. அவசரக் கயிற்றில் முடிச்சே விழாது, சுற்றி இழுத்துப் பிடிப்பதோடு சரி. குற்றம் உறுதியாகும் முன் முடிச்சுப் போட்டால் அந்த ஆளின் மானம் போய்விடும் என்ற கணக்கு. சாமுராய்க்கு ஒரு கட்டு, துறவிக்கு ஒரு கட்டு, குடியானவனுக்கு வேறு கட்டு. இந்த விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே ஊர்தான்.

அந்த வித்தைக்கு நாலு விதி சொல்வார்கள். கைதி நழுவக்கூடாது. உடம்புக்கும் மனசுக்கும் காயம் கூடாது. கட்டும் முறையை வெளியாள் பார்க்கக்கூடாது. நாலாவது, கட்டி முடித்தால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்! நம் ஸ்டேஷன்களில் மூன்றாவதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள்.

காயம் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. 1742இல் வந்த ஷோகுன் ஆட்சியின் சட்டத்தொகுப்பில் வாக்குமூலம் வாங்கும் சித்திரவதைகளும் இருந்தன. அவற்றில் இரண்டு கயிற்று வேலை: இறால் மாதிரி உடம்பை மடக்கிக் கட்டுவது, கையைப் பின்னால் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது. இன்று ஸ்டுடியோ வெளிச்சத்தில் நாம் வாய் பிளந்து பார்க்கும் சில கட்டுகளுக்குத் தாத்தா அந்த லாக்கப்பில் பிறந்தவர். நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தக்க காரணம் இல்லாமல் கைதிக்கு விலங்கு பூட்டுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1980இல், பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிவிட்டார். விலங்குக்குப் பதில் கயிறு என்று அவர் எங்கும் எழுதவில்லை, ஏட்டையா.

நூலகர், தல்லாகுளம்: லாக்கப்பிலிருந்த கயிறு படுக்கையறைக்கு எந்த வழியாக வந்தது?

நாடக மேடை வழியாக. கபுகி நாடகங்களில் கதாநாயகியைக் கட்டிப்போடும் காட்சி என்றால் கூட்டம் அள்ளும். 1757இல் பொம்மலாட்டமாக வந்து பிறகு கபுகிக்குப் போன ஒரு கதையில் யுகி என்ற இளவரசியைச் செர்ரி மரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஓவியப் பரம்பரையில் பிறந்தவள். கை கட்டுண்டு கிடக்க, உதிர்ந்த பூவிதழ்களைக் கால் விரலால் கூட்டி எலிகளை வரைகிறாள். எலிகள் உயிர் பெற்று வந்து கயிற்றைக் கடித்து விடுவிக்கின்றன. எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகாக யாரும் கட்டவிழ்ந்து வந்ததில்லை.

இந்த நாடகங்களையும் பழைய தண்டனைச் சித்திரங்களையும் பார்த்து ஊறியவர் இட்டோ செயு (1882–1961) என்ற ஓவியர். கட்டுண்ட பெண்களை ஓவியமாகவும் போட்டோவாகவும் எடுத்துத் தள்ளினார். கின்பாகுவின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். போருக்குப் பிறகு 1947இல் தொடங்கிய கிதான் கிளப் என்ற பத்திரிகை இதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. அதற்கும் வாசகர் கடிதங்கள் குவிந்தன. உங்கள் பதிலாளருக்கு அங்கே ஒரு முன்னோர் இருந்திருப்பார்.

ஹார்டுவேர் கடைக்காரர், கீழமாசி வீதி: எங்களிடம் நார்க்கயிறு, நைலான், நூல் கயிறு, சணல் எல்லாம் இருக்கிறது. யாராவது தயங்கித் தயங்கி வந்து கேட்டால் எதைக் கொடுப்பது?

முதலில் "எதுக்கு?" என்று உரக்கக் கேட்காதீர்கள். தேங்காய் நார் கிணற்றுக்கும் பந்தலுக்கும் சரி, தோலை அரத்தால் தேய்த்தது போலாக்கிவிடும். நைலான் வழுக்கும், பாரம் விழுந்தால் முடிச்சு இறுகி நகத்துக்கு அடங்காது, சரசரவென்று இழுத்தால் தோலைச் சுடும். ஜப்பானியர்கள் பயன்படுத்துவது மூன்று புரி முறுக்கிய சணல்: 6 மில்லிமீட்டர் கனம், ஒரு துண்டு 7 அல்லது 8 மீட்டர். புதுச் சணலில் பிசிறு இருக்கும். அதைத் தீ நாக்கில் லேசாகக் காட்டிப் பொசுக்கி, துளி எண்ணெய் தடவிப் பதப்படுத்துவார்கள். கை பழகாதவர்களுக்கு மெத்தென்ற நூல் கயிறே போதும். சாக்குமூட்டை தைக்கிற சணலைத் தலையில் கட்டிவிடாதீர்கள். மெல்லிய கயிறு சதையை அறுக்கும்.

காளை வளர்ப்பவர், பாலமேடு: அண்ணே, பொறந்ததுலேர்ந்து மாடு கட்டுறேன். துள்ளுற காளையையே நிறுத்திருவேன். மனுசனைக் கட்ட எனக்கு எவன் சொல்லித் தரணும்?

கைப்பழக்கம் உங்களுக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டுக்கு நீங்கள் கட்டுகிற இடம் கழுத்தும் மூக்கும். மனுசனுக்குக் கழுத்துப் பக்கமே கயிறு போகக்கூடாது. முதல் பாடத்திலேயே உங்கள் படிப்பில் பாதி தள்ளுபடி.

அடுத்தது முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கு இங்கே கூடவே கூடாது. கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து தொடங்கி, மணிக்கட்டுக்கு மேலே பட்டையாக இரண்டு மூன்று சுற்று, சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். பிறகு எல்லாச் சுற்றையும் சேர்த்துப் பிடிக்கிற, இழுத்தாலும் இறுகாத ஒரு முடிச்சு. கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு கையை இப்படிக் கட்டுவதுதான் அரிச்சுவடி. இரண்டு கையைச் சேர்த்துக் கட்டுவது அடுத்த வகுப்பு. வீடியோவில் அந்தரத்தில் தொங்குகிறார்களே, அது பல வருடம் ஆசிரியரிடம் கற்றவர்களுக்கே விபத்தாகிற சமாச்சாரம். உங்கள் வீட்டு ஃபேன் கொக்கி ஃபேனுக்குத்தான்.

இனி நரம்பு. இதைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே நீட்டிச் சொல்கிறேன். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மேல்கையின் வெளிப்பக்கம், எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ரேடியல் நரம்பு ஓடுகிறது. கையைப் பின்னால் மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டும் பிரபலமான கட்டில் கயிறு சரியாக அங்கேதான் உட்காரும். நரம்பு நசுங்கினால் பல சமயம் வலிக்கவே வலிக்காது. அவிழ்த்த பிறகு பார்த்தால் மணிக்கட்டு தொங்கும், கையை மேலே தூக்க வராது. தேற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். குடித்துவிட்டு நாற்காலிமேல் கையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறவர்களுக்கும் இதே கேடு வருவதால் டாக்டர்கள் இதைச் சனிக்கிழமை ராத்திரி வாதம் என்கிறார்கள். நம் ஊரில் அதற்குக் கிழமை கிடையாது.

ஆகவே சில நிமிடத்துக்கு ஒரு முறை, "என் விரலை அழுத்திப் பிடி, மணிக்கட்டை மேலே தூக்கு" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது, பிடி தளர்கிறது என்றால் அந்தக் கணமே அவிழ்க்க வேண்டும். இன்னும் ரெண்டு நிமிசம், ஒரு போட்டோ என்ற பேச்சே இல்லை. அக்குள், முழங்கை மடிப்பு, முழங்கால் குழி, இங்கெல்லாம் கயிறு அழுந்தக்கூடாது. குடித்திருந்தால் இரண்டு பேருமே கயிற்றைத் தொடக்கூடாது.

உங்கள் தொழிலிலிருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம்: வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுகிறவர். கட்டுகிறவர் எப்போதும் அந்த ஆளாகவும் இருக்க வேண்டும். அவருக்குக் கத்தி வேண்டாம், நுனி மழுங்கிய பேண்டேஜ் கத்தரி வேண்டும். ராசாசி ஆஸ்பத்திரி எதிரே சர்ஜிக்கல் கடைகளில் கேளுங்கள்.

உதவி இயக்குநர், அண்ணா நகர்: "வேண்டாம், விடு" என்று சொல்வதே விளையாட்டின் பகுதியாக இருந்தால், நிஜமான 'வேண்டாம்' எது என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் முன்கூட்டியே ஒரு சொல்லைப் பேசி வைக்கிறார்கள். உலகம் முழுக்க எளிதாகப் புழங்குவது சிக்னல் முறை. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் நிறுத்தி அவிழ். கோரிப்பாளையம் சிக்னலில் நாம் சிவப்புக்குக் கொடுக்கிற மரியாதை இங்கே செல்லாது. பேச முடியாத நிலை வந்தால் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அது கீழே விழுந்தால் சிவப்பு என்று அர்த்தம்.

பெயர் வேண்டாம், மேலூர்: என் கணவர் இதைப் பார்த்துவிட்டுத் தினமும் வற்புறுத்துகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்தால் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். நான்தான் பட்டிக்காடா?

இல்லை, தங்கச்சி. இந்தப் பதிலில் நகைச்சுவை இல்லை. பயத்தோடு சொல்கிற சரி, சரியே அல்ல. கேட்டுக் கேட்டு வாங்கின சரியும் அப்படித்தான். இந்தக் கலையை ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் கேட்டாலும், விருப்பமில்லாதவரைக் கட்டுவது அடிதடிக் கணக்கு என்றுதான் சொல்வார்கள். இன்று சம்மதித்து நாளை மனம் மாறினாலும் அது உங்கள் உரிமை. கோபித்துப் பேசாமல் இருந்தால் இருக்கட்டும், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும். மீறிக் கை வைத்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்தக் கணவர் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால்: மாப்பிள்ளை, போனைக் கீழே வையுங்கள்.

இளம் வழக்கறிஞர், கே.கே. நகர்: இருவரும் சம்மதித்தால் சட்டம் என்ன சொல்கிறது?

பாடம் உங்களுக்கே தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 18 வயது தாண்டியவர் மனமொப்பி ஏற்றுக்கொண்ட சிறு தீங்கு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும் அதற்கான வாய்ப்பு தெரிந்திருப்பதும் இல்லாதவரை, குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 25. பழைய தண்டனைச் சட்டத்தின் 87ஆவது பிரிவுதான் சட்டை மாற்றி வந்திருக்கிறது. பொழுதுபோக்காக வாள் வீசிப் பழகும் இருவரைத்தான் வெள்ளைக்காரன் அதற்கு உதாரணம் காட்டினான். ஆனால் 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலே அது கொடுங்காயம். மேலே சொன்ன தொங்கும் மணிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் கொடுத்த சம்மதத்தைப் பிரிவு 28 சம்மதமாக ஏற்பதில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் கட்டை அவிழ்க்காவிட்டால் அது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். அந்தரங்க வீடியோவை வெளியே விட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகள் காத்திருக்கின்றன.

புகைப்படக்காரர், சிம்மக்கல்: நொபுயோஷி அராகி எடுத்த கட்டுப் படங்களைப் பார்த்து அசந்துபோனேன். உங்கள் கருத்து?

படங்கள் அசத்தல்தான். அவருக்கு 2001 முதல் 2016 வரை மாடலாக இருந்த காஓரி என்ற நடனக்கலைஞர் 2018இல் எழுதியதையும் தேடிப் படியுங்கள். ஒப்பந்தம் இல்லை, தன் படம் எங்கே எப்படி வெளியாகும் என்று தன்னிடம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அதன் பிறகு அந்தப் படங்களை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

பண்பாட்டுக் காவலர், வாடிப்பட்டி: இதெல்லாம் நம் பண்பாடா?

இல்லை. ஜப்பானிலும் இது வீட்டுக்கு வீடு நடக்கிற விளக்கு பூஜை அல்ல, சின்ன வட்டத்தின் ரசனைதான். உங்களுக்குக் கயிறு பிடிக்க ஆசையென்றால் சித்திரையில் மாசி வீதிக்கு வாருங்கள், தேர் வடம் பிடிக்கலாம்.

குடும்பத் தலைவர், வில்லாபுரம்: கட்டி முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டால்?

கரண்ட் போகலாம், கட்டியவர் போகக்கூடாது. காலிங் பெல், பால்காரர், ஆபீஸ் போன் எதற்காகவும் கட்டுண்டவரைத் தனியே விட்டு அறையைத் தாண்டக்கூடாது. டார்ச்சும் கத்தரியும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டுக்கும் இதே விதிதான்.